பெட்டிக்குள் இருக்கும் பக்கவாத்தியம்

சங்கங்களின் பொங்கல் விழாவிலும் நவராத்திரி விழாவிலும் இப்பொழுதெல்லாம் மேடைமீது ஒருவரே நின்று பாடுகிறார். வயலின் ஒலிக்கிறது, புல்லாங்குழல் ஒலிக்கிறது, தபேலாவும் டிரம்ஸும் முழங்குகின்றன. வாசிப்பவர் எவரும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேடையோரத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு கைப்பேசி, அதிலிருந்து மைக் செட்காரரின் பெட்டிக்குச் செல்லும் ஒரு கறுப்புக் கம்பி. வாத்தியகோஷ்டி அவ்வளவுதான். இதனைக் கரோக்கே என்பாரும் உண்டு, மைனஸ் ஒன் என்பாரும் உண்டு. பிள்ளைகள் 'டிராக்' என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இந்த ஏற்பாடு நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கரக்பூர் போன்ற ரயில்வே ஊர்களில், எங்கள் தந்தையர் காலத்தில், பட்டறையில் பகலெல்லாம் இரும்போடு மல்லாடிய கைகள் மாலையில் ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்தன. அவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் புனேக்கும் வேலை தேடிச் சென்றார்கள். பாடுகிறவர்கள் எஞ்சினார்கள், வாசிக்கிறவர்கள் எஞ்சவில்லை. கோல்கத்தாவிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவை வரவழைப்பதென்றால் சங்கத்தின் ஓராண்டுச் சந்தா ஒரே இரவில் கரைந்துபோகும். ஆகவே டிராக் வந்தது. வந்ததை வரவேற்பதா வெறுப்பதா என்ற வழக்கைவிட, வந்ததை எவ்வாறு கையாளுவது என்று ஆராய்வதே பயன்தரும் என்பது என் எண்ணம்.

இதன் வரலாறு சுவையானது. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'மியூசிக் மைனஸ் ஒன்' என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளிவந்தன. கோஷ்டி முழுவதும் வாசித்திருக்கும். ஒரு வாத்தியத்தின் பகுதி மட்டும் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தைத் தட்டு வாங்கியவர் தம் வீட்டில் வாசித்து நிரப்பிக்கொள்வார். நாம் இன்று மைனஸ் ஒன் என்று சொல்லும் சொல்லுக்கு ஏறத்தாழ அந்த வயது. ஜப்பானில் ஷிகெய்ச்சி நெகிஷி என்பவர் 1967-இல் இத்தகைய பாட்டுப் பெட்டியொன்றைச் செய்தார். 1971-இல் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்பவர் வேறொன்றைச் செய்தார். இந்த இனோவே மதுக்கடைகளில் பாட விரும்பும் வாடிக்கையாளர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். வெளியூர் செல்லவிருந்த வாடிக்கையாளர் ஒருவர் உடன்வரும்படி அழைக்க, தம்மால் செல்ல முடியாமையால், தம் வாசிப்பை நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினாராம். அதிலிருந்து பிறந்த யோசனையே அவருடைய பெட்டி. காப்புரிமை பெறாமல் விட்டுவிட்டதால் உலகமெல்லாம் பரவிய வியாபாரத்தில் அவருக்குப் பெருஞ்செல்வம் கிட்டவில்லை. கரோக்கே என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'வெறுமையான வாத்தியகோஷ்டி' என்று பொருள்.

"பெட்டி பாடுகிறது, ஆள் வாயசைக்கிறார்" என்று நம் பெரியவர்கள் இகழ்வதுண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பெட்டிகளின்மீது நமக்குள்ள ஐயம் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. அந்த விலக்கு 1971-இல்தான் தளர்ந்தது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்பவர் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கியபோது, அதைக் கச்சேரி மேடையில் வைப்பது தகுமா என்ற பேச்சு எழாமலில்லை. இன்று அந்தச் சுருதிப் பெட்டியோ கைப்பேசியில் அதன் நகலோ இல்லாத பாட்டு வகுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுருதிப் பெட்டி பாடுகிறவருக்குப் பணிந்து நிற்கிறது. எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தாலும் காத்திருக்கிறது. டிராக் காத்திருப்பதில்லை. பெரியவர்கள் இகழ வேண்டியது பெட்டியை அன்று. பெட்டியின் பின்னால் ஓடுகிற பாட்டை.

சென்ற நவராத்திரியில் நண்பர் ஒருவர் இல்லத்துக் கொலுவுக்கு நாங்கள் சென்றிருந்தோம். சங்க மேடையில் கைதட்டல் பெற்ற பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியும் தாயாருடன் வந்திருந்தாள். குங்குமம் கொடுத்தபின் வீட்டம்மாள், "ஒரு பாட்டுப் பாடேன்மா, கொலுவுக்கு முன்னாடி" என்றார்.

"மாமி, ஃபோன்ல சார்ஜ் இல்லியே" என்றாள் அந்தப் பெண்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அந்தப் பெண் சிரிக்கவில்லை. பாட்டு அவளுக்குத் தெரியும். எந்தச் சுருதியில் எடுப்பது, எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. அவையிரண்டையும் அதுநாள்வரை பெட்டி பார்த்துக்கொண்டது. குரல் நல்ல குரல். நம் வீட்டுப் பெண்ணாயிருந்தால் என்ன செய்வோம் என்று திரும்பும் வழியெல்லாம் என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தக் கேள்விக்கு நான் அறிந்த விடை, பயிற்சியின் வரிசையை மாற்றுவதே. டிராக்கைக் கேட்டுப் பாட்டைக் கற்கலாகாது. முதலில் மூலப் பாட்டைக் கேட்டுச் சொற்களையும் மெட்டையும் நெட்டுருச் செய்ய வேண்டும். அதன்பின் சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, கையால் தாளம் போட்டு, பல்லவி முதல் கடைசிவரை பாட வேண்டும். அவ்வாறு மும்முறை தடங்கலின்றிப் பாடிய பின்னரே டிராக்கைத் தொட வேண்டும். இவ்வரிசையில் கற்றவளுக்குக் கொலு வீடும் ஒன்றே, மேடையும் ஒன்றே.

அடுத்தபடி சுருதி. மூலப் பாட்டைப் பாடியவரின் சுருதி நம் சுருதியாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் நம்மவருள் பெரும்பாலோர் கிடைத்த டிராக்கைக் கிடைத்த சுருதியிலேயே வைத்துக்கொண்டு மேல்ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். சுருதி மாற்றும் வசதி இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் நிறுவக்கூடியது. நாடா ஒலிப்பேழைக் காலத்தில் சுருதியைக் குறைக்க வேண்டுமென்றால் நாடாவின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்வரஸ்தானம் இறங்குவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு வேகம் குறையும். துள்ளலாக இருந்த பாட்டு நொண்டும். இப்பொழுது வேகத்தைத் தொடாமலே சுருதியை மாற்றலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் 'இரண்டு குறை' என்று வைத்தால் அது இரண்டு கட்டை அன்று, இரண்டு ஸ்வரஸ்தானம். ஆர்மோனியத்தை மனக்கண்ணால் பாருங்கள். ஒரு கட்டை, இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று எண்ணப்படுபவை வெள்ளைக் கட்டைகள். இடையிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை முதலியன. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கிடையாது. ஆகையால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு இரண்டு ஸ்வரஸ்தானம், மூன்றிலிருந்து நான்குக்கு ஒன்றே. ஐந்து கட்டையில் உள்ள டிராக்கை மூன்று கட்டைக்கு இறக்க விரும்பும் ஒருவர் 'இரண்டு குறை' என்று வைத்தால் நான்கில் போய் நிற்பார். 'மூன்று குறை' என்று வைத்தால்தான் மூன்று கட்டை கிட்டும்.

இரண்டு மூன்று ஸ்தானங்கள் மாற்றினால் கேடு தோன்றாது. ஐந்து ஆறு என்று மாற்றினால் டிரம்ஸ் தகர டப்பாவாகவும், புல்லாங்குழல் நாய்க்குட்டியின் முனகலாகவும் மாறிவிடும். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட விழையும்போது இந்த இடர் வரும். அப்பொழுது அதே பாட்டுக்குப் பெண் சுருதியில் தனியே வாசித்துப் பதிந்த டிராக் இருக்கிறதா என்று தேடுவது நலம். இல்லையெனில் வேறு பாட்டைத் தெரிந்தெடுப்பது அதைவிட நலம்.

டிராக்குகளிலும் ஜாதிகள் உண்டு. யாரோ வாத்தியக்காரர்கள் மறுபடி வாசித்துப் பதிந்தது ஒன்று. மூலப் பதிவிலிருந்து குரலை நீக்கியது மற்றொன்று. குரலை நீக்கும் பழைய உபாயம் எளியது: ஸ்டீரியோப் பதிவில் குரல் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சமமாக இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சமமாக உள்ளது மறையும். ஆனால் டிரம்ஸும் பேஸ் கிடாரும்கூட நடுவிலேயே இருப்பது வழக்கமாதலால் அவையும் உடன் மறையும். ஸ்டீரியோ அல்லாத பழைய பாடல்களில் இந்த உபாயம் செல்லவே செல்லாது. இப்பொழுது கணினிக்குக் குரலையும் வாத்தியத்தையும் பிரித்தறியக் கற்பித்துவிட்டார்கள். டீஸர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2019-இல் அத்தகைய கருவி ஒன்றை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. பழைய நாடா ஒன்றிலிருந்து ஜான் லெனனின் குரலைப் பிரித்தெடுத்து 2023-இல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்று வெளிவந்ததும் இவ்வகை வித்தையாலேயே. இவ்வாறு பிரித்த டிராக்கில் மூலப் பாடகரின் நிழல் சில இடங்களில் எஞ்சியிருக்கும். வீட்டு இயர்போனில் கேட்கும்போது அது தெரியாது. ஒலிபெருக்கியில் பேயாட்டம் ஆடும். பாடகரின் மெட்டை ஏதேனும் ஒரு வாத்தியத்தில் வழிகாட்டியாக வாசித்திருக்கும் டிராக்குகளை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது. ஊன்றுகோலோடு ஓட்டப் பந்தயத்துக்கு வருவார் உண்டோ?

இனி இடையிசை. நம் திரைப்பாடல்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசை சிறியதன்று. இளையராஜா போன்றோரின் பாடல்களில் அது தனிக் கவிதையாகவே விளங்கும். உயிருள்ள வாத்தியக்காரர்கள் இருந்தால், பாடகர் தவறவிட்ட தருணத்தில் மற்றோர் ஆவர்த்தம் வாசித்துக் காத்திருப்பார்கள். டிராக் ரயிலைப் போன்றது. நேரம் வந்தால் நிலையத்தை விட்டுவிடும், ஓடிவருபவருக்காக நிற்காது. ஆதலால் ஒவ்வோர் இடையிசையும் எத்தனை ஆவர்த்தம் என்று எண்ணிச் சொற்களின் நடுவே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மேலாக, பாட்டெடுக்கும் இடத்துக்கு முன்னால் வரும் வாத்தியத் துணுக்கை அடையாளமாகக் கொள்ள வேண்டும்: வீணை மும்முறை இறங்கியதும், அல்லது தபேலாவில் உருட்டல் வந்ததும், என்று. எண்ணிக்கை பதற்றத்தில் மறக்கும், காது மறக்காது.

அவ்வளவும் செய்தும் தவறினால்? துரத்தக் கூடாது. வாயை மூடிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அடுத்த அடியின் தொடக்கத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஓர் அடி விட்டதைச் சபையில் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். "மறுபடி போடுங்க" என்று கையசைத்தால் எல்லோரும் கவனிப்பார்கள்.

முன்னிசையே இல்லாமல் குரலோடு தொடங்கும் பாடல்கள் உள. இவற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. டிராக் முழுவதையும் இடப்பக்க ஒலியில் மட்டும் வைத்து, வலப்பக்கத்தில் 'டிக் டிக்' என்ற தாள எண்ணிக்கையையும் தொடக்கச் சுருதியையும் பதிந்துகொள்வது. இடப்பக்கம் ஒலிபெருக்கிக்குச் செல்லும். வலப்பக்கம் பாடகரின் ஒரு காதுக்குள் மட்டும் செல்லும். கணினி பழகிய கல்லூரிப் பிள்ளை அரைமணியில் செய்து தருவான். அவனிடமே, கடைசியில் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் டிராக்கையும் கொடுத்து, தாளத்தில் நறுக்கென்று முடியும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். இசைத்தட்டில் தேய்ந்து மறைவது அழகு. மேடையில் எப்பொழுது கைதட்டுவது என்று தெரியாமல் சபை விழிக்கும்.

மண்டபத்தின் விஷயம் பலரும் கருதாதது. ஒலிபெருக்கிகள் சபையை நோக்கி நிற்கும். பாடகர் அவற்றுக்குப் பின்னால் நிற்பார். அவர் காதுக்கு வருவது பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலி. அறுபதடி நீளமுள்ள மண்டபத்தில் போகவும் வரவும் நூற்றிருபது அடி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூற்றிருபத்தைந்து அடி செல்லும். ஆகவே பாடகர் டிராக்கைக் கேட்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக. சற்று விரைந்த பாட்டில் ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே அரை நொடிதான். ஐந்தில் ஒரு பங்கு தாளம் பிந்திப் பாடுகிறவரைப் பார்த்து, "பையனுக்குத் தாளம் நிற்கவில்லை" என்று முன்வரிசையில் முணுமுணுப்பார்கள். தாளம் நன்றாகவே நிற்கிறது. நிற்கும் இடந்தான் சரியில்லை. மைக் செட்காரரிடம் கேட்டு, பாடகரை நோக்கி மேடையிலேயே ஒரு சிறு ஒலிபெருக்கி வைக்கச் செய்யுங்கள். அதை மானிட்டர் என்பார்கள். மைக்கின் முதுகு அதை நோக்கி இருக்கும்படி நின்றால் மைக் ஊளையிடாது.

கம்பியில்லாத் தொடர்பு, அதாவது புளூடூத், வீட்டுக்கு ஏற்றது. அதன் வழியே ஒலி சற்றுப் பிந்தியே வரும். கைப்பேசித் திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர் ஒலிபெருக்கியை முந்திவிடுவார். கையிலிருக்கும் மைக்கும் அதே வழியில் சென்றால் தம் குரலே தமக்குப் பிந்திக் கேட்டு நாக்குக் குழறும். கூட்டத்தில் யாரேனும் குறுக்கே வந்தால் தொடர்பு அறுவதும் உண்டு. மேடைக்குக் கம்பியே தகும். அதிலும் கைப்பேசியின் ஸ்டீரியோப் பின்னை நேரே மைக்குக்குரிய துளையில் செருகும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அத்துளைகளில் பல, ஒருபக்க ஒலியிலிருந்து மறுபக்க ஒலியைக் கழிக்கும் அமைப்புடையவை. மேலே குரல் நீக்கச் சொன்ன அதே கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்யும். தாளம் மறைந்து, எதிரொலிபோல ஏதோ எஞ்சும். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று பிரியும் கம்பியைக் கேட்டு வாங்கி, இரண்டு துளைகளில் செருகுங்கள்.

கைப்பேசியை விமான நிலையில் வைக்க வேண்டும் என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஒரு விழாவில் சோகப் பாட்டின் சரணத்தில் அழைப்பு மணி ஒலித்ததையும், சபை முழுதும் குலுங்கியதையும், பாடிய அம்மையார் அதன்பின் அன்று மேடையேற மறுத்ததையும் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். டிராக்கின் பிரதியொன்று வேறொரு கைப்பேசியிலும் இருக்கட்டும். பொத்தானை அழுத்துபவர் பாட்டைத் தெரிந்தவராக, மேடையை விட்டுக் கண் எடுக்காதவராக இருக்க வேண்டும். பெரும் பெயர் பெற்றவர்களுக்கும் இந்தத் தொல்லை நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தின் 'தி ஹூ' என்ற புகழ்பெற்ற குழுவினர் நாடாவில் பதிந்த இசையோடு சேர்ந்து மேடையில் வாசிப்பவர்கள். அவர்களுடைய டிரம்ஸ்காரர் நாடாவோடு தாளம் தப்பாமலிருக்கக் காதில் ஹெட்போன் அணிந்தே வாசிப்பார். 1973-இல் நியூகாசில் நகரில் நாடா சரியான நேரத்துக்கு வரவில்லை. கிடார் வாசித்த பீட் டவுன்ஷெண்ட் மேடையிலேயே சினங்கொண்டு நாடாக்களைப் பிய்த்தெறிந்தார். நம் செயலாளர்கள் அவ்வளவுக்கு இடம் தரமாட்டார்கள்.

கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், "கீர்த்தனைக்கும் டிராக் வைக்கலாமா?" என்று வினவுகிறார்கள். தாளத்துக்காக மிருதங்கப் பதிவையோ தாளப் பெட்டியையோ வைத்துக்கொண்டு வர்ணம் சாதகம் செய்வது மிகவும் நன்று. இரண்டு காலம் பாடும்போது தாளம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அது ஒளிவு மறைவின்றிக் காட்டிவிடும். மேடையில் நிரவலும் கல்பனை ஸ்வரமும் பாடத் தொடங்கியதும் அதற்கு வேலையில்லை. பாடகர் ஒரு கணக்கு வைத்து முடிக்கும்போது மிருதங்கக்காரர் அதை முகர்ந்து உடன் வந்து முடிப்பாரே, அந்த இன்பம் பதிவுக்கு எங்கே வரும்? நம் அண்டை வீட்டு வங்காளி அன்பர்களில் தபேலா பயின்றவர்கள் பலர். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒருமுறை விளக்கிவிட்டால் அவர்களில் நல்லவர் பிடித்துக்கொள்வார். டிராக்கைத் தேடும் நேரத்தில் பாதியை அந்தக் கதவைத் தட்டுவதில் செலவிடலாம் என்பது என் கட்சி. எனவேதான், நம் நிகழ்ச்சிகளில் ஒருவர் இரண்டு பாடல்கள் பாடினால் ஒன்று டிராக்கோடும் மற்றொன்று சுருதியோடு மட்டுமோ ஒரு தபேலாவோடோ இருக்கட்டும் என்று செயற்குழுவில் சொல்லி வருகிறேன்.

சட்டம் பற்றி ஒரு சொல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தாத சபையின் முன் பொழுதுபோக்குக் கலைஞர் சங்கங்கள் இசைப்பதை விலக்கி வைத்திருக்கிறது. நுழைவுச் சீட்டு விற்றால் அந்தச் சலுகையை நம்ப முடியாது; 1969-இல் அமைந்த இந்திய இசை நிகழ்த்துரிமைச் சங்கம் முதலியவற்றிடம் உரிமம் பெற வேண்டிவரும். பாடல் ஒருவருடையது, பதிவு மற்றொருவருடையது என்பதையும், நம் பிள்ளை பாடியதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் கூறுகின்றன. ஆகவே கடைசியில் பாடவிருப்பவர் நீண்ட பாட்டை வைத்துக்கொள்ள வேண்டாம்.

விழாவன்று பாடுகிறவர்கள் ஒரு மணி முன்னதாக வந்து, வெற்று மண்டபத்தில் ஒரு சரணமாவது பாடிப் பார்க்க வேண்டும். அப்பொழுது டிராக்கின் ஒலி சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும் உடனே குறைத்துவிடாதீர்கள். நாற்காலிகள் நிரம்பியதும் ஆட்களின் உடையும் உடலும் ஒலியை உறிஞ்சும், அது தானே அடங்கும். குரல் டிராக்குக்கு ஓரங்குலம் மேலே நின்றால் போதும். வீட்டிலிருந்து யாரையேனும் கடைசி வரிசையில் உட்காரவைத்து, பாட்டின் சொற்கள் புரிகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். புரிகின்றன என்றால் மைக் செட்காரரின் பெட்டியில் அந்தத் திருகுகள் நிற்கும் இடத்தைச் சாக்குக் கட்டியால் குறித்துவிட்டு, அவருக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள்.